கோடரி விழுந்த இடம்

லெய்கி துணியைப் பிழிந்துவிட்டு ஷென்கினின் தொடையை இன்னொரு முறை துடைத்தாள். காயத்தைச் சுற்றி ரத்தம் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. வெந்நீர் இருந்தால் சட்டென்று போய்விடும். வெந்நீர் வைக்கப் பாத்திரம் இல்லை. அந்த வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு வாளி, ஒரு மரக்கிண்ணம், அடுப்பில் நெருப்பு, கதவின் மேல் படுத்திருந்த அவள் புருஷன். கதவை இன்னும் வாசலில் மாட்டவில்லை. மாட்டுவதற்குள் அவனைக் கிடத்த ஒரு பலகை தேவைப்பட்டுவிட்டது.

"மெதுவாத் துடைடி. தோலை உரிச்சிடப் போற," என்றாள் அங்கரட். லெய்கி வேலை பார்த்த பண்ணையிலேயே பால் கறக்கிறவள். இருவருக்கும் அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரே படுக்கை.

"அவருக்கு வலிக்கவா போகுது?"

"அவருக்கு இல்லடி. உனக்கு."

லெய்கி துணியை மறுபடி நனைத்தாள். கை மெதுவானது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பொதுநிலத்தில் பொழுது சாய்ந்தபின் தொடங்கி, விடிவதற்குள் சுவரும் கூரையும் எழுப்பி, புகைபோக்கியில் புகை வரவைத்துவிட்டால் வீடு கட்டியவருக்கே சொந்தம். பிறகு வாசலில் நின்று கோடரியை வீச வேண்டும். அது எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரத்துக்கு நாலு பக்கமும் நிலமும் சொந்தம். இப்படி ஒரு சட்டமே கிடையாது என்று, மலைக்கு உரிமை கொண்டாடும் பிரபுவின் காரியஸ்தர்கள் சொல்வார்கள். காரியஸ்தர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது உண்டென்று தெரியும்.

ஷென்கினும் லெய்கியும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் இந்த வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். இருவரும் ஒரே பண்ணையில் கூலிக்கு இருந்தவர்கள். அவனுக்குப் படுக்கை தொழுவத்துப் பரணில், குதிரைகளுக்கு மேலே. அவளுக்கு மாடிப்படிக்குக் கீழே, அங்கரட்டின் குறட்டைக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் வழியில் மட்டும் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. மழை பெய்தால் அதுவும் இல்லை. எங்கள் ஊரில் மழை பெய்யாத ஞாயிறு அபூர்வம்.

அதனால் அவன் ஓர் ஓக் மரத்தை ரகசியமாகச் செதுக்கி முகட்டு விட்டமாக்கி, புதருக்குள் மறைத்து வைத்தான். இடத்தையும் அவன்தான் பார்த்தான். சரிவில் கொஞ்சம் கீழே ஒரு முள்மரமும் அதன் அடியில் ஓர் ஊற்றும் இருந்தன. "கோடரி அந்த ஊத்தைத் தாண்டி விழுந்துட்டா போதும் லெய்கி. நம்ம தண்ணி, நம்ம தோட்டம். எவன்கிட்டயும் வாளியைத் தூக்கிட்டுப் போக வேணாம்" என்பான். பிறகு அவள் தோளைப் பார்த்துச் சிரிப்பான். வைக்கோல் கட்டைக் கவைக்கோலில் குத்தி வண்டி உச்சிக்கு எறிவதில் பண்ணையில் ஆண்களுக்கே அவள் சவால். "உன்னை வீசச் சொன்னா பாதி மலை நமக்குத்தான். அப்புறம் ராஜாவே நம்மகிட்ட வந்து இடம் கேப்பாரு."

ஊரே வந்து, புல்லும் வேருமாக மண்ணைப் புற்கட்டிகளாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பியது. விட்டத்தை ஏற்றும்போதுதான் அது நடந்தது. ஷென்கின் சுவர்மேல் நின்று ஒரு முனையை வாங்கினான். கோடரியை அந்த முனையிலேயே கொத்தி நிறுத்தியிருந்தான். கோடரியைத் தரையில் வைக்க மாட்டான்; கைக்கெட்டும் மரத்தில் கொத்தி வைப்பதுதான் அவன் பழக்கம். அதற்காக லெய்கியிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறான். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவன் லெய்கியின் தம்பி பெடோ. பனியில் நனைந்த கயிறு கையில் வழுக்கியது. விட்டம் பின்னோக்கிச் சரிந்து ஷென்கினின் நெஞ்சில் இடித்துக் கீழே தள்ளியது. பின்னாலேயே கோடரி வந்து தொடையைப் பிளந்தது.

அவனைக் கதவின் மேல் கிடத்திவிட்டு எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவன்தான் முதலில் பேசினான்.

"என்ன வேடிக்கை? விடியப் போகுது. ஏத்துங்கடா."

வேறு மரம் இல்லை. அவனை இடித்த அதே விட்டத்தை அவன் தலைக்கு மேலேயே ஏற்றி வைத்தார்கள். பரபரவென்று கூரை போட்டார்கள். லெய்கி ஒரு கையால் அவன் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுப்பைப் பற்றவைத்தாள். புகை முதலில் கூரைக்குக் கீழே சுற்றிச் சுற்றி வந்து எல்லோரையும் இருமவைத்தது.

"இழுக்குதா?" என்று கேட்டான் ஷென்கின்.

லெய்கி நிமிர்ந்து பார்த்தாள். புகை புகைபோக்கியைக் கண்டுபிடித்திருந்தது.

"இழுக்குது," என்றாள்.

வெளியே ஊர் ஆரவாரம் செய்தது. மூச்சு திணறியபடியே அவன் பெடோவிடம், "கோடரியை நீ வீசிடாத. நான் எந்திரிச்சு வீசறேன்" என்றான். எழுந்திருக்கவில்லை.

காரியஸ்தர் ப்ராஸர் முற்பகலில் குதிரையில் வந்தார். போன வருஷம் இப்படி இரண்டு வீடுகளைப் புகை வருவதற்குள் இடித்துத் தள்ளியவர். இந்த முறை தூங்கிப் போய்விட்டார். அந்தக் கோபம் முகத்தில் தெரிந்தது. வாசலில் குனிந்து பிணத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அந்த அளவுக்கு மனிதர்தான்.

"ரொம்ப வருத்தம்மா. மரண விசாரணை ஐயா நாளைக்கு வந்துடுவார். உடம்பை அடிவாரத்துச் சத்திரத்துக்கு எடுத்துட்டுப் போயிடலாம். இந்தக் குடிசையில எதுக்கு?"

"விசாரணை ஐயா பாக்குறதுக்கு முன்ன பிணத்தை அசைக்கக் கூடாதாமே, ஐயா."

"யார் சொன்னா?"

"நீங்கதான். ஆத்துல விழுந்து செத்தவனை நாங்க கரையேத்தினதுக்கு அன்னிக்கு என்ன சத்தம் போட்டீங்க!"

அங்கரட் சிரிப்பை மறைக்க வாளிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ப்ராஸர் பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். கூரையை, சுவரை, விட்டத்தை. விட்டத்தின் முனையில் ரத்தக்கறை இருந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"எது இடிச்சு செத்தான்?"

பெடோவின் கண் தானாக விட்டத்துக்குப் போனது.

"இந்த விட்டந்தானே? ஆளைக் கொன்ன பொருள் ராஜாவுக்குப் போகணும். வண்டியா இருந்தா வண்டி, மாடா இருந்தா மாடு. இந்த மலையில அந்த உரிமை எங்க பிரபுவுக்கு. தெரியுமில்ல?" தொப்பியைப் போட்டுக்கொண்டார். "விசாரணை முடிஞ்சதும் ஆளுங்க வந்து விட்டத்தை எடுத்துக்குவாங்க. வீட்டை நாங்க தொடவே மாட்டோம்மா. விட்டம் மட்டுந்தான்."

விட்டத்தை எடுத்தால் கூரை இருக்காது. கூரை இல்லாத இடத்தில் புகை வந்து என்ன, வராமல் என்ன? மறுபடி மாடிப்படிக்குக் கீழேதான் லெய்கிக்குப் படுக்கை.

அவர் போகிற போக்கில் வாசலில் நின்ற பெடோவைப் பார்த்தார். "கயிறு உன் கையிலதானே இருந்துச்சு? கை வழுக்கிச்சா, வழுக்க விட்டியா? அதையும் ஐயா கேப்பாரு. அதுவரைக்கும் ஒரு சாமானையும் தொடாதீங்க. அந்தக் கோடரியும் கிடக்கிற இடத்துலயே கிடக்கட்டும்."

குதிரை சரிவில் இறங்கியதும் பெடோ வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அக்கா, நான் விடலைக்கா. சத்தியமா நான் விடலை."

"தெரியும்டா."

"விட்டத்தை எடுத்தா..."

"எடுக்க மாட்டாங்க. வாயை மூடிட்டு நெருப்பைப் பாரு. அணைஞ்சுதோ, உன்னை நானே கொன்னுடுவேன்."

அவளுக்கு அப்போது ஷென்கின் மேல்தான் கோபம் பொங்கியது. செத்தவன் மேல் அப்படி ஒரு கோபம் வரலாமா என்று தெரியவில்லை, வந்தது. கோடரியை ஒழுங்காகத் தரையில் வைத்திருந்தால் என்ன? அடுத்த கணமே கை துணியோடு அந்தத் தொடைமேல் நின்றது. நீலம் பாரித்த நெஞ்சைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள், மூலையில் கிடந்த கோடரியைப் பார்த்தாள்.

"அங்கரட், அந்த ரத்தம் ஊறின வைக்கோலைத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல, வெளியதான் கிடக்கு. ஏன்?"

"அப்படியே கிடக்கட்டும்."

மறுநாள் மதியம் விசாரணை அதிகாரி வந்தார். சந்தை நகரத்து வக்கீல், சளிபிடித்த மூக்கு. எங்கள் பேச்சு அவருக்கு நன்றாகவே புரியும். ஆனால் எழுதுவது ஆங்கிலத்தில். நாங்கள் சொன்னதை அவர் என்னவாக எழுதினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும், அக்கம்பக்கத்து ஆண்கள். அக்கம்பக்கத்து ஆண்கள் என்றால் முந்தின நாள் விடியும்வரை அங்கே புற்கட்டி சுமந்தவர்கள்தான். கொல்லர் கெதின் தலைமை. ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்து, பிணத்தருகே மண்டியிட்டு ஜெபம் சொல்லி, அவன் நெற்றியைத் தொட்டுவிட்டு எழுந்தார்கள். பலருக்கு நகக்கண்ணில் மண் இன்னும் போகவில்லை.

"ஐயா, இவங்கதான் இதைக் கட்டினவங்களே!" என்றார் ப்ராஸர்.

"இந்த மலையில வேற யாரு இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆடு இருக்கு ஐயா," என்றார் கெதின்.

அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டு, மடிமேல் பலகையை வைத்து எழுதத் தொடங்கினார். எழுதுவதை எங்கள் பேச்சில் வாய்விட்டுச் சொன்னார். "ஷென்கின் என்பவரின் வீட்டில், அவருடைய உடலின் முன்பாக..."

"வீடுன்னு எழுதக் கூடாது ஐயா," என்று குறுக்கிட்டார் ப்ராஸர். "இது வீடே இல்ல. புல்லுமேட்டுல ஒரு குவியல்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ப்ராஸர் ஜூரிக்குப் பின்னால் வாசலில் நின்றிருந்தார். உள்ளே அவருக்கு இடமில்லை. அவர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதிகாரி அவரைப் பார்த்தார், தன் காய்ந்த தாளைப் பார்த்தார்.

"நீங்க நனையறீங்க. நான் நனையலை. வீடுன்னே எழுதறேன்."

முதலில் பெடோவை விசாரித்தார்கள். அவன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். கயிறு உரசி இரண்டிலும் தோல் கிழிந்திருந்தது. வழுக்க விட்டவன் கையில் அப்படித் தோல் போகாது. அதிகாரி தலையசைத்து, "போப்பா" என்றார். அவன் சுவரோரம் போய் நின்று அழுதான்.

"விட்டந்தான் ஐயா கொன்னது," என்று ஆரம்பித்தார் ப்ராஸர். "ரத்தக்கறை அதோ இருக்கு. சட்டப்படி அது எங்க பிரபுவைச் சேரணும்."

அதிகாரி லெய்கியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

லெய்கி எழுந்து நின்றாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"விட்டம் இடிச்சது நெசந்தான் ஐயா. இடிச்சப்புறமும் அவரு பேசினாரு. 'ஏத்துங்கடா'ன்னு இத்தனை பேரையும் வேலை வாங்கினாரு. இங்க நிக்கிறவங்க எல்லாரும் கேட்டாங்க. செத்தது ரத்தம் போயி. தொடையைப் பாருங்க. அது கோடரி வெட்டு. அடியில இருந்த வைக்கோல் வெளிய கிடக்கு, அதையும் பாருங்க."

"விட்டம் விழாம கோடரி எப்படிம்மா விழும்?" என்றார் ப்ராஸர்.

"கோடரி அங்க இல்லாம இருந்தா தொடை எப்படி ஐயா வெட்டுப்படும்? விட்டத்துல கோடரியைக் கொத்தி வைக்கிறது அவரு பழக்கம். வேணாம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கலை. கேட்டிருந்தா..."

அங்கே நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. நெஞ்சுக்குள் அவனுக்கு என்ன உடைந்தது, விடியும்போது அவன் ஏன் ரத்தமாகத் துப்பினான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

அதிகாரி காயத்தைப் பார்த்தார். வெளியே போய் வைக்கோலைப் பார்த்தார். திரும்பி வந்து, "ரெண்டும் ஆளைக் கொல்லக்கூடியதுதான். ஜூரி சொல்லட்டும்" என்றார்.

ஜூரிக்காரர்கள் மழையில் சுவருக்குப் பின்னால் போனார்கள். புற்கட்டிச் சுவர் வழியே எல்லாம் கேட்டது. யாரோ தும்மினார்கள். யாரோ, "இதுல பேச என்ன இருக்கு?" என்றார்கள். "கொஞ்ச நேரம் நில்லுங்கய்யா, உடனே போனா நல்லா இருக்காது" என்று கெதினின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நனைந்து உள்ளே வந்தார்கள்.

"தற்செயலா நடந்த சாவுங்க," என்றார் கெதின். "யார் மேலயும் குத்தம் இல்ல. கொன்னது கோடரி. மதிப்பு நாலு பென்னி."

"நாலு பென்னியா?" என்றார் அதிகாரி.

"பழைய கோடரிங்க. அடிச்சுக் கொடுத்தவனே நான்தான்."

அதிகாரி எழுதினார். அங்கரட் பின்னாலிருந்து லெய்கியின் முதுகில் கைவைத்தாள். அண்ணாந்து பார்த்தால் விட்டம் அங்கேயே இருந்தது.

ப்ராஸர் ஏமாந்து நின்றது கொஞ்ச நேரந்தான். அந்த மனிதருக்கு மூளை உண்டு. அதை மறுக்க முடியாது. சிரித்தபடி கையை நீட்டினார்.

"சரி. கோடரியைக் கொடும்மா. அது இனிமே பிரபுவோடது. ஆமா, நீங்க இன்னும் வீசலையே?" எல்லோர் முகத்தையும் சுற்றிப் பார்த்தார். "வீடு உனக்குத்தான், வெச்சுக்க. ஆனா வீசாத கோடரிக்கு நிலம் ஏது? சுவருக்கு வெளிய ஒரு புல்லுகூட உன்னுது இல்ல. ஊத்துல ஒரு வாளி மொண்டாலும் பிரபுகிட்ட கேட்டுத்தான் மொள்ளணும்."

பெடோவின் முகம் செத்துப்போனது. கெதின் தாடியைச் சொறிந்தார். இதை அவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

லெய்கி மூலைக்குப் போனாள். கோடரியை எடுத்தாள். காம்பு அவன் கைபட்டு வழவழப்பாக இருந்தது. கோடரியின் கழுத்தில் அவன் ரத்தம். அதைத் துடைக்கவில்லை. வாசல்படிக்கு வந்தாள்.

"தள்ளிக்குங்க, ஐயா."

ப்ராஸர் தன்னையறியாமல் தள்ளிக்கொண்டார்.

படியில் காலை அகட்டி ஊன்றினாள். இரண்டு கையாலும் காம்பைப் பிடித்து, வைக்கோல் கட்டை எறிகிறவள் இடுப்பைத் திருப்புவதுபோலத் திருப்பி, வாயைத் திறந்து பெருஞ்சத்தம் போட்டபடி விட்டாள். அந்த ஒன்றரை நாளில் அவளிடமிருந்து வந்த ஒரே அழுகை அதுதான். கோடரி மழைக்குள் புரண்டு புரண்டு போயிற்று. முள்மரத்துக்கு மேலே போயிற்று. ஊற்றைத் தாண்டி, கோரைக்குள் எங்கோ சொத்தென்று விழுந்தது.

பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இந்தாங்க," என்றாள் லெய்கி. "கொடுத்துட்டேன். அங்க இருக்கு."

"ஐயா! பாத்தீங்களா? பாத்தீங்களா இதை?" ப்ராஸர் அதிகாரியிடம் திரும்பினார்.

அதிகாரி இறகுப் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எதுக்கு வீசினா?"

"துக்கம்ங்க," என்றார் கெதின். "துக்கத்துல தூக்கிப் போட்டுட்டா. பொம்பளைங்க அப்படித்தான்."

அங்கரட் அவரை ஒரு முறை முறைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொருள் இருக்கிற இடம் தெரியுதில்ல?" என்றார் அதிகாரி. "போய் எடுத்துக்குங்க. எனக்கு நேரமாச்சு."

ப்ராஸர் சரிவில் இறங்கினார். நீண்ட இறக்கம் அது. ஊற்றடியில் பூட்ஸ் சேற்றில் புதைந்தது; இழுத்து எடுத்து மறுபடி நடந்தார். அவருக்குப் பின்னாலேயே கெதினும் பெடோவும் ஒரு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு போனார்கள். அவர் குனிந்து கோடரியை எடுத்ததும், அது கிடந்த குழியிலேயே கல்லை எல்லையாக நிறுத்தினார்கள். அவர் ஏதோ கத்தினார். மழையில் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அதிகாரி குதிரையேறிப் போன பிறகு, ஆண்கள் வாசலில் கூடினார்கள்.

"தூக்கிடலாமா லெய்கி?" என்று கெதின் மெதுவாகக் கேட்டார். "இருட்டுறதுக்குள்ள கோயிலுக்குக் கொண்டுபோயிடலாம். குழி வெட்டி வெச்சாச்சு."

லெய்கி அடுப்பில் இன்னொரு விறகு வைத்தாள். புகை நேராக மேலே போயிற்று.

"காலையில வாங்க."

"தனியா எப்படி இருப்ப? நான் இருக்கேன்டி," என்றாள் அங்கரட்.

"வேணாம். நீயும் போ."

அங்கரட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கதவின் மேல் படுத்திருந்தவனைப் பார்த்தாள், அவன் பக்கத்தில் லெய்கி விரித்திருந்த புது வைக்கோல் படுக்கையைப் பார்த்தாள். சால்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எல்லோரும் போய்விட்டார்கள். வாசல் திறந்து கிடந்தது. கதவு ஷென்கினுக்கு அடியில் இருந்தது. லெய்கி தன் போர்வையை எடுத்து, வாசலின் மேல்கட்டையில் இரண்டு ஓரங்களையும் செருகி, காற்று புகாதபடி கீழே ஒரு கல்லை வைத்தாள்.